எழுத்துப் பிழை

அஜ்மானில், மீன்சந்தைக்குப் பின்தெருவில்
என் டைப்பிங் கடை.
இரண்டு நாற்காலி, ஒரு ஸ்கேனர்,
மதியம்வரை ஆறிக்கொண்டே இருக்கும் ஒரு சுலைமானி.
வாடகைப் பத்திரம், விசா,
பெட்டியில் ஊருக்குப் போகிறவருக்கான தாள்,
எதுவானாலும் அரபியில் அடித்துத் தர
முப்பத்தைந்து திர்ஹாம்.

ஞானதிரவியம் செவ்வாய்க்கிழமை வந்தார்.
ஹம்ரியாத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
வந்து இருபத்தாறு வருஷம்.
கம்பிவடமும் கிரீஸும் தின்ற பெருவிரல் அவருக்கு.
வருகைப் பதிவு மெஷின்
தினமும் காலையில் யார் நீ என்று கேட்குமாம்,
சூப்பர்வைசர் வந்து சாட்சி சொல்லவேண்டுமாம்.
சிரித்துக்கொண்டேதான் சொல்வார் இதை எப்போதும்.
அன்று சிரிக்கவில்லை.
மடித்த தாளை மேசையில் வைத்தார்.

பழைய வழக்கு.
திங்கட்கிழமை நேரில் வரச்சொல்லி.

'தம்பி, அது முடிஞ்ச காரியம்லா?'

தொண்ணூற்றொன்பது, ஆகஸ்ட்.
லேபர் கேம்பில் இரண்டாவது நாளாகக் கரண்ட் இல்லை.
நூற்றுப்பத்து ஆளுக்கு ஒரு வாட்டர் கூலர்,
அதற்கும் ஃபோர்மேன் பூட்டுப் போட்டிருந்தான்.
சாவிக்காக இழுத்த இழுப்பில்
அவன் முன்பல் ஒன்று போனது.
இருபத்தொரு நாள் உள்ளே.
ஐந்நூறு திர்ஹாம் அபராதம்.
ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார், கொண்டுவந்தும் இருந்தார்:
ஒரு வெளிறிய நீலத் தாள்,
எழுத்தெல்லாம் வெக்கையில் ஆவியாகி
முத்திரையின் அரைவட்டம் மட்டும்.

பெனிற்றாவுக்கே தெரியாதாம்.
மகள் அக்சிலியாவுக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் பரீட்சை.
அந்தப் பெண் பிறந்ததே இங்கேதான்,
ஊர் என்றால் அவளுக்கு
வருஷத்துக்கு ஒருமுறை வரும் வயிற்றுப்போக்கு.

இத்தனை வருஷம் பன்னிரண்டு முறை விசா புதுப்பித்தபோது
எழும்பாத வழக்கு இப்போது எப்படி எழும்பிற்று?
கேட்டது அவர் இல்லை. நான்.
கேட்டுக்கொண்டே பழைய நகல்களைப் புரட்டினேன்.
புரட்டின கை நின்றது.

தொண்ணூற்றொன்பதில் ஸ்டேஷனில் எழுதியது
ஞானதிரவியம்.
விசாவில் அவர் அத்தனை காலமும்
ஜீனா திராவி.
யாரோ ஒரு குமாஸ்தா
'ஞ'வுக்கு அரபியில் வழியில்லாமல் ஜீம் போட்டு,
கட்டத்தில் இடமில்லாமல் கடைசி 'ம்'மை விட்டுவிட்டான்.
விரலும் தேய்ந்த விரல்.
ஆக, பல்லை உடைத்தவன் ஒரு ஆள்,
கிரேன் ஓட்டினவன் இன்னொரு ஆள்.
கணினிக்குள் இருவரும்
ஒருவரை ஒருவர் பார்க்காமல் வயசாகிக்கொண்டிருந்தார்கள்.

பத்து வருஷ அனுமதிக்கு மனுப் போடுவோம் என்று
பேரைத் திருத்தியது நான்.
'இப்படி அரைகுறையா இருக்கக்கூடாது அண்ணாச்சி.'
நூனும் யாவும் போட்டேன். கடைசியில் மீம் போட்டேன்.
முன் குற்றம் உண்டா என்ற கட்டத்தில்
கேட்காமலே 'இல்லை' அழுத்தினேன்,
நாளைக்கு நாற்பது தடவை அழுத்துகிற விரல்.

அவர் எனக்கு மஸ்கோத் அல்வா கொண்டுவந்தார் அதற்கு.
ஆபீசில் அந்த அரபி அம்மாள்
முழுப்பேரையும் சரியாகக் கூப்பிட்டாளாம்,
கடைசி எழுத்துவரை.
'எழும்பி நின்னுட்டேன் தம்பி,
பள்ளிக்கூடத்துல நிக்கமாதிரி.'

தலையெழுத்தைத் திருத்த முடியாதென்று
எந்த மடையன் சொன்னான்.

சொல்ல வாய் எடுத்தேன்.
வெளியே மீன்வண்டி ஒன்று பின்னோக்கி வந்து
பீப் பீப் என்றது.
அது ஓய்ந்தபின்னும் நான் சொல்லவில்லை.
மன்னிப்பு மனுவுக்கு வெள்ளைப் பக்கம் திறந்தேன்.
மாண்புமிகு என்று தொடங்கி,
இருபத்தாறு வருஷம், ஒரு மனைவி, ஒரு மகள்,
ஒரு கோடைக்காலம், ஒரு பல்.

'பேரு எப்படிப் போடட்டும் அண்ணாச்சி?'

'நீங்க திருத்தினீங்கள்லா, அப்படியே.
பிள்ளை சர்டிபிகேட்டுலயும் இனி அதுதான வரணும்.'

அச்சான தாளை வாங்கிக் கையெழுத்துப் போடாமல்
வலமிருந்து இடமாக
அந்தத் தேய்ந்த விரலை நகர்த்திக்கொண்டே போனார்.

'இதுல எது தம்பி என் ம்?'

காட்டினேன்.